உறை பிரிக்காத மெத்தை

மார்ச் 6

நாத்தனாருக்கு,

போனில் கூப்பிடாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பாய். இருப்பது ஒரே அறை. நான் பேசுவது ஒவ்வொன்றும் உன் அண்ணன் காதில் விழும். நீயும் நானும் போனில் பேசிச் சண்டையில் முடியாத நாள் எது என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அதனால்தான் பேனா.

டிசம்பரில் ஆஸ்பத்திரி வாசலில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. லிஃப்ட் குழியில் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன மனிதரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். நர்ஸ்கள், வார்டு ஆட்கள், மருந்துக் கடைக்காரர் என்று அத்தனை பேர் முன்னால் நீ சொன்னாய்: "உங்களால முடியாது அண்ணி. அண்ணன என்கிட்ட விடுங்க. இல்லன்னா ஆறே மாசத்துல முதுகுல புண்ணோட கொண்டுவந்து நிறுத்துவீங்க."

ஆறு மாதம்கூட ஆகவில்லை. மூன்றாவது மாதமே வந்துவிட்டது. முதுகெலும்பு முடியும் இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் உரிந்திருக்கிறது. பிப்ரவரி 24 அன்று குளிப்பாட்டும்போது பார்த்தேன். அவருக்கு அங்கே வலி தெரியாது. உனக்கு எழுத எனக்குப் பத்து நாள் ஆனது. ஏன் என்று உனக்கே தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் 22 அன்று பயிற்சி மையத்தில் அவருக்கு இடம் தந்திருக்கிறார்கள். தானாக எழுந்து உட்காரவும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும், மறுபடி ஏதாவது ஒரு வேலை செய்யவும் அங்கேதான் சொல்லித் தருவார்கள். திறந்த புண் இருந்தால் சேர்க்க மாட்டார்கள். வாராவாரம் வீட்டுக்கு வரும் நர்ஸம்மா பதினெட்டாம் தேதிக்குள் பார்த்து, புண் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். இந்த இடம் போனால் அடுத்தது பத்து மாதம் கழித்துத்தான். பத்து மாதம் அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருக்க அவரால் முடியாது. வாய்விட்டுச் சொல்ல மாட்டார், ஆனால் எனக்குத் தெரியும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறேன், சமையலறை டைமர் வைத்து. ஒருமுறைகூடத் தவறவில்லை. ஆகவே குறை என்னிடம் இல்லை. நீ ஜனவரியில் அனுப்பினாயே மெத்தை, அதில்தான் இருக்க வேண்டும். நல்ல மெத்தை என்றால் இப்படி ஏன் ஆகிறது? தொண்ணூறு நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னாய். ஏப்ரல் ஒன்பதோடு முடிகிறது. மாற்றிக் கொடு. வந்தது வந்தபடி இருக்கிறது, ஒரு நூல்கூடப் பிரியவில்லை. மேலும் கீழும் வைத்து வந்த அட்டையைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அண்ணி பொருளைப் பாழாக்கிவிட்டாள் என்று நீ சொல்ல இடம் தர மாட்டேன்.

உன் அண்ணன் உன்னை விசாரித்ததாக எழுதச் சொல்கிறார். புண் விஷயம் நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. புரட்டும்போதெல்லாம் மெத்தை சரசரவென்று சத்தம் போடுகிறது. "பாரு, சுண்டு பேச ஆரம்பிச்சுட்டா" என்று உன்னைக் கேலி செய்கிறார். அவருக்கு எல்லாமே விளையாட்டு.

அண்ணி

*

மார்ச் 11

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தேன். படித்துவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். பத்து நாள் சொல்லாமல் இருந்திருக்கிறீர்கள். என் அண்ணன் முதுகில் புண் வந்து பத்து நாள் எனக்குத் தெரியாது.

மெத்தை மேல் பழி போடுகிறீர்கள். பதினொரு வருடமாக மெத்தை விற்கிறேன் அண்ணி. ஊரே விறைப்பான மெத்தைதான் முதுகுக்கு நல்லது என்று சொல்லும். எங்கள் கடையிலும் அப்படிச் சொன்னால் சீக்கிரம் விற்கும். முதுகுவலிக்காரருக்கே அது பாதிதான் உண்மை. தன் உடம்பைத் தானே அசைக்க முடியாதவருக்கு அது பலகைதான். இடுப்பும் தோளும் குதிகாலும் அழுந்திய இடத்திலேயே அழுந்திக் கிடக்கும். ரொம்ப மெத்தென்று இருந்தாலும் வம்பு. உடம்பு உள்ளே புதைந்துவிடும், புரட்டுகிறவர் கை ஒடிந்துபோகும்.

அதனால் அடியில் கெட்டியாகவும் மேலே நாலு விரல் உயரத்துக்கு இதமாகவும் இருப்பதைத் தேடினேன். கடை அடைத்த பிறகு மூன்று நாள் உட்கார்ந்து பதினேழு மெத்தையைப் பார்த்தேன். அண்ணன் எடைக்குச் சரியாக எங்கள் லோடுமேன் ஒருவர் இருக்கிறார். அவரை ஒவ்வொன்றிலும் படுக்க வைத்து, இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தேன். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை கெட்டி. நுழையவே முடியாவிட்டால் ரொம்ப இளக்கம். கொஞ்சம் சிரமப்பட்டு நுழைந்தால் சரி. பதினான்காவது மெத்தையில் அவர் குறட்டை விட ஆரம்பித்தார். அதைத்தான் உங்களுக்கு அனுப்பினேன். அது கடையிலேயே நல்ல மெத்தை. அதைப் போய் குறை சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

நான் சொன்ன கைச் சோதனையை அண்ணனுக்குச் செய்து பாருங்கள். அவரைப் புரட்டியதும், படுத்திருந்த இடத்தில் பள்ளம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்றும் பாருங்கள். இரண்டையும் எனக்கு எழுதுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரம்தானா? சீருடை தைக்கிற சீசனில் தலைக்கு மேல் வேலை என்பீர்கள். மிஷினில் உட்கார்ந்தால் உங்களுக்கு நேரம் தெரியாது என்று அண்ணனே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். டைமர் அடித்தால் போதாது, ஒருவர் எழுந்திருக்கவும் வேண்டும்.

நாத்தனார்

*

மார்ச் 15

நாத்தனாருக்கு,

டைமர் அடித்தால் எழுந்திருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்ததற்கு நன்றி.

இந்தக் கடிதத்தோடு ஒரு நோட்டு அனுப்புகிறேன். ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு முறை புரட்டிய நேரமும் எந்தப் பக்கம் என்பதும் அதில் இருக்கிறது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வரி. எழுத்து கோணலாக இருக்கும் இடமெல்லாம் நான் பாதித் தூக்கத்தில் எழுதியது. உட்கார்ந்து பார். ஒரு வரி விடுபட்டிருந்தால் சொல், அண்ணனை உன் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறேன். பார்த்து முடித்ததும் நோட்டைத் திருப்பி அனுப்பு, எனக்கு அது வேண்டும்.

சீருடை தைப்பதை டிசம்பரிலேயே விட்டுவிட்டேன். மிஷின் மேல் அவருடைய மருந்து டப்பாக்கள் இருக்கின்றன. இதை உனக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நீ சொன்ன சோதனைகளைச் செய்தேன். கை கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் நுழைகிறது. பள்ளம் மெல்ல எழுந்து பத்துப் பதினைந்து எண்ணுவதற்குள் சமமாகிவிடுகிறது. ஆக உன் மெத்தை சுத்தத் தங்கம். ஆனால் ஒவ்வொரு முறை புரட்டும்போதும் முதுகு நனைந்திருக்கிறது. தொட்டால் சுடுகிறது. ஒரு நாளைக்கு ஐந்தாறு விரிப்பு மாற்றுகிறேன், துவைத்துக் காயப்போட கயிற்றில் இடம் இல்லை. விரிப்பு சுருண்டு சுருண்டு அவர் அடியில் போய் மடிந்துகொள்கிறது. இழுத்துச் செருகினாலும் நிற்பதில்லை, வழுக்குகிறது. இழுக்கும்போதெல்லாம் அந்தச் சரசரப்பு வேறு.

புண் பெரிதாகிவிட்டது. நாணயம் அளவு இருந்தது இப்போது வாட்ச் அளவு. நர்ஸம்மா நேற்று போகும்போது வாசலில் நின்று உதட்டைப் பிதுக்கினார். "இப்படியே போனா நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. அப்புறம் எம்மேல வருத்தப்படாதீங்க" என்றார். நான் இதை உன் அண்ணனிடம் சொல்லவில்லை. ஆனால் கதவு திறந்துதான் இருந்தது.

உன்னிடம் இதையெல்லாம் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன். உனக்கு இந்தத் தொழில் தெரியும். என்ன செய்ய வேண்டும், சொல்.

அண்ணி

*

மார்ச் 18

அண்ணி,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். கிடைத்த நிமிடமே மெத்தையின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து எறியுங்கள். முழுவதும், ஓரத்தில்கூட ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அதற்குள் இருக்கும் துணி உறை போதும்.

இன்று கடைக்கு வந்த ஒருவர், பிரிக்காத மெத்தை ஒன்றில் உட்கார்ந்து பார்த்தார். சரசரவென்று சத்தம் கேட்டது. நான் பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டேன். நீங்கள் இரண்டு கடிதத்திலும் எழுதியிருக்கிறீர்கள், நான்தான் அண்ணனின் கேலி என்று தாண்டிப் போய்விட்டேன். மெத்தை சத்தம் போடாது அண்ணி. சத்தம் போடுவது பிளாஸ்டிக்.

வியர்வை இறங்க வழி இல்லை, சூடு இறங்க வழி இல்லை, விரிப்பு நிற்காமல் சுருள்கிறது. எல்லாம் அதனால்தான். ஒன்பது வாரமாக ஒரு மனிதரைப் பார்சல் உறை மேல் படுக்க வைத்திருக்கிறீர்கள். மெத்தை வாங்கினால் உறையைப் பிரிப்பார்கள் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். துணியோடு பிழைக்கிற உங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது?

நோட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு வரியும் விடுபடவில்லை.

நாத்தனார்

*

மார்ச் 21

நாத்தனாருக்கு,

உறையைக் கிழித்துவிட்டேன். உன் கடிதம் வந்து பத்து நிமிடத்தில். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் அவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். உள்பக்கம் நீர் கோத்திருந்தது.

இதோடு ஒரு சீட்டு இருக்கிறது. மெத்தை வந்த அன்று டெலிவரி ரசீதின் பின்பக்கம் நீ எழுதி அனுப்பியது. மருந்து டப்பாவில் வைத்திருந்தேன். நீ மறந்திருக்கலாம் என்று இங்கேயும் எழுதுகிறேன். "அண்ணி, உறையைப் பிரிக்க வேண்டாம். தொண்ணூறு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பிரித்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள்." எழுத்து உன்னுடையதுதானே?

துணியோடு பிழைக்கிறவளுக்குத் தெரியாதா என்று கேட்டாய். தெரிந்தது. முதல் வாரத்திலேயே சூடு தெரிந்தது. இரண்டு முறை கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன். ஒருமுறை உறையின் மூலையில் வைத்தும்விட்டேன். அவர்தான் சொன்னார், "வேணாம்டி. சுண்டு சொல்லியிருக்கான்னா காரணம் இருக்கும். அவளுக்குத் தெரியாத மெத்தையா?" சரி என்று கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். அவர் சொன்னதற்காக மட்டும் இல்லை. நாளைக்கு மாற்ற வேண்டி வந்து, உறை கிழிந்திருந்தால், அண்ணி இதையும் கெடுத்தாள் என்று நீ சொல்வாய் என்று பயந்தேன். உன் வாய்க்குப் பயந்து அவர் முதுகைக் கொடுத்திருக்கிறேன். அது என் தப்பு. அதை நான் மறைக்கவில்லை.

நர்ஸம்மாகூட ஒருமுறை "அடியில என்ன சத்தம்?" என்று கேட்டார். "கம்பெனி உறை" என்றேன். துடைத்துக் கழுவுகிற உறை என்று நினைத்துக்கொண்டாராம். இப்போது அவரும் என்னைத் திட்டுகிறார்.

உறையை எடுத்த பிறகு அவரை முதல் முறை புரட்டினேன். அறையில் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "சுண்டு பேச்ச நிறுத்திட்டா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்புறம் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பதினெட்டாம் தேதிக்கு நாலு வாரம் இருக்கிறது. ஆறுமா ஆறாதா என்று நர்ஸம்மாவுக்கே தெரியவில்லை. இனி நீ எழுத வேண்டியது எதுவும் இல்லை என்று நினைக்கிறேன்.

அண்ணி

*

மார்ச் 27

அன்புள்ள அண்ணி,

இது நான்காவது தாள். மூன்றைக் கிழித்துவிட்டேன். மூன்றிலும் ஏதாவது சப்பைக்கட்டு கட்டியிருந்தேன். கடையில் ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் சொல்லும் வாக்கியம், கூட்டத்தில் கை தானாக எழுதிவிட்டது என்றெல்லாம்.

அப்படி இல்லை. யோசித்துத்தான் எழுதினேன். உங்களால் முடியாது, இரண்டு மூன்று வாரத்தில் கையைத் தூக்கிவிடுவீர்கள், அண்ணன் என் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, ஆசைப்பட்டேன். உறை பிரிக்காமல் இருந்தால் மெத்தையையும் அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம். அதற்காகத்தான் அந்தச் சீட்டு. இரண்டு மூன்று வாரத்தில் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். வாரம் ஒன்பது ஆனது. நீங்களே தோற்றுப்போய்க் கூப்பிடட்டும் என்று வீம்பாக நானும் போன் செய்யவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உறையைக் கிழியுங்கள் என்று உங்களைத் திட்டி எழுதியபோதே அந்தச் சீட்டு ஞாபகம் வந்தது. பேனா ஒரு நிமிடம் நின்றது. தொலைத்திருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதினேன். நீங்கள் எதையும் தொலைக்கிறவர் இல்லை என்று அந்த நோட்டைப் பார்த்த பிறகாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அண்ணனிடம் நீங்களே சொல்லுங்கள். அல்லது நான் வந்து சொல்கிறேன். மன்னிப்பு கேட்க எனக்கு வாய் வரவில்லை அண்ணி, கேட்டால் நீங்கள் கொடுத்துத் தொலைக்க வேண்டியிருக்கும்.

நோட்டை வாசித்தபோது ஒன்று தோன்றியது, அன்றிலிருந்து மனதை விட்டுப் போகவில்லை. கடைக்கு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, யார் படுக்கப் போகிறார்கள், எப்படிப் படுப்பார்கள், எங்கே வலிக்கும் என்பதுதான். உங்கள் வீட்டுக்கு மெத்தை எடுத்தபோது அண்ணனுக்காக எல்லாம் கேட்டேன். அந்த வீட்டில் இன்னொருவர் படுக்கிறார் என்பதே எனக்குத் தோன்றவில்லை. கட்டில் ஒன்றுதான், அதில் அண்ணன் இருக்கிறார். நீங்கள் எதில் படுக்கிறீர்கள்?

பதில் எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

சுண்டு

*

ஏப்ரல் 12

சுண்டுவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை படித்தபோது நீ எதிரில் இருந்திருந்தால் கை ஓங்கியிருப்பேன். இரண்டாவது முறையும் அப்படித்தான். என் வீட்டில் நான் தோற்கிற நாளை எண்ணிக்கொண்டு ஒருத்தி இருந்திருக்கிறாள். அதுவும் இந்த வீட்டுப் பெண். இது எனக்குச் சீக்கிரம் ஆறாது, சொல்லிவிடுகிறேன்.

அவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். உனக்காக இல்லை. தங்கச்சி பேசுகிறாள் என்று ஒன்பது வாரம் சந்தோஷமாக ஒரு சத்தத்தைக் கேட்டிருக்கிறார். அதை நான் கெடுக்கப் போவதில்லை. நீயும் கெடுக்காதே.

புண் குறைந்திருக்கிறது. மூன்று நாளைக்கு முன்பு கடுகளவு மட்டும் ஈரமாக இருந்தது. நேற்றுக் காலையில் காய்ந்த மாதிரி தெரிந்தது, மாலையில் மறுபடி கசிந்த மாதிரி இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை விளக்கைப் போட்டுப் பார்க்கிறேன். "என் முதுகுல என்ன சினிமாவா ஓடுது?" என்கிறார். ஆனால் பதினெட்டாம் தேதி என்ன கிழமை என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

தொண்ணூறு நாள் முடிந்து மூன்று நாள் ஆகிறது. இனி அந்த மெத்தை எங்களுடையது.

நான் எதில் படுக்கிறேன் என்று கேட்டாயே. மெத்தையோடு வந்த அட்டையில். கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன், இழுத்துப் போட்டுக்கொள்வேன். அதில் பெரிதாக அம்புக்குறி போட்டு "இந்தப் பக்கம் மேலே" என்று எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தையே மேலே வைத்துப் படுக்கிறேன், அதிலாவது உன் கடை குறை சொல்ல முடியாது. இடது பக்கமாகப் படுப்பேன், அப்போதுதான் வலது கை கட்டிலை எட்டும். தூக்கித் தூக்கி வலது தோள் போய்விட்டது. இதைக் கேட்டது நீ ஒருத்திதான். கேட்டது நீ என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

டிசம்பரிலிருந்து நான் சேர்ந்தாற்போல இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை. பதினேழாம் தேதி வா. மெத்தையைப் பற்றிப் பேச வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். டைமரைக் கையில் வாங்கிக்கொள்.

அண்ணி

*

ஏப்ரல் 18, உங்கள் சமையலறை, காலை பதினொன்றே கால்

அன்புள்ள அண்ணி,

நேற்று மாலை ஆறரைக்குப் படுத்தீர்கள். டைமரை என் கையில் திணித்துவிட்டு, "இடதா வலதான்னு நோட்டுல பாத்துக்கோ" என்று சொல்லி முடிப்பதற்குள் கண் சொருகிவிட்டது. இன்னும் எழுந்திருக்கவில்லை. பேசினால் விழித்துவிடுவீர்கள், அதனால் இங்கே அடுப்புப் பக்கத்தில் நின்று எழுதுகிறேன்.

எட்டு முறை புரட்டினேன். நோட்டில் எட்டு வரி இருக்கிறது. ஐந்தாவது வரியிலேயே என் எழுத்தும் கோணலாகிவிட்டது. ஒரே இரவு. நீங்கள் நூற்றுக்கும் மேல் பார்த்திருக்கிறீர்கள். டிசம்பரில் நான் சொன்னது ஒவ்வொரு தடவையும் என் காதிலேயே கேட்டது.

நர்ஸம்மா பத்து மணிக்கு வந்தார். எழுப்பட்டுமா என்று அண்ணனிடம் சைகையில் கேட்டேன். "பேசாம இரு சுண்டு. அவ தூங்கட்டும்" என்றார். நர்ஸம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் தொட்டு, டார்ச் அடித்து, ரொம்ப நேரம் பார்த்தார். அண்ணன் தலையணையைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துவிட்டது. தோல் மூடிவிட்டது, ஆனால் மெல்லிசாக இருக்கிறது, முதல் மாதம் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒரே வாக்கில் உட்காரக் கூடாது என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். தாள் மிஷின் மேல் மருந்து டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. எழுந்ததும் முதலில் அதைப் பாருங்கள்.

அண்ணன் கையை நீட்டி, கீழே உங்கள் தலையைத் தொடப் பார்த்தார். எட்டவில்லை. நான் அவரைக் கட்டிலோரம் நகர்த்திவிட்டேன்.

இன்னொன்று. ஒரு வேனில் உங்களுக்கு மெத்தை வந்திருக்கிறது. இடது பக்கம் படுப்பவருக்கு, தோள் அமுங்க இடம் கொடுப்பது. என் தோளும் உங்கள் தோளும் ஒரே அளவுதான் என்பதால் நானே படுத்துப் பார்த்து எடுத்தேன். நீங்கள் இன்னும் அட்டையில்தான் இருக்கிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. ஒட்டினாற்போலப் பக்கத்தில் விரித்திருக்கிறேன். தூக்கத்திலேயே ஒருமுறை புரண்டால் போதும்.

உள்ளே வைத்துப் பிரித்தால் சத்தத்தில் விழித்துவிடுவீர்கள் என்று, உறையை வாசலில் வைத்துக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டேன். இதை இனி யாரும் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

சுண்டு